தொண்டைவலிக்குப் பின் பிள்ளை ஆளே மாறிப்போனால்: ஆன்டிபயாட்டிக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து போய் ஒன்றிரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு நாள் காலையில் வேறு ஆளாக எழுந்திருக்கும். கையைக் கழுவிக் கழுவித் தோல் உரியும். கதவைப் பூட்டியாச்சா என்று இருபது தடவை கேட்கும். அம்மா அடுக்களைக்குள் போனால்கூட அழும். கண்ணைச் சிமிட்டும், தோளைக் குலுக்கும், தொண்டையைச் செருமும். சோறு அடைத்துவிடும் என்று பயந்து சாப்பாட்டையே ஒதுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூத்திரம் போக ஓடும். எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டால் பெற்றோர் தேதியே சொல்வார்கள். அப்படித் தேதி சொல்ல முடிகிறதே, அதுதான் இந்தப் பாதிப்பின் முதல் அடையாளம். மெல்ல மெல்ல மாதக்கணக்கில் வளர்ந்த பயமும் பழக்கமும் பெரும்பாலும் வேறு வகை.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சூசன் ஸ்வீடோவும் அவர் குழுவினரும் 1998-ல் இப்படிப்பட்ட 50 பிள்ளைகளின் விவரத்தை வெளியிட்டார்கள். ஸ்ட்ரெப் என்று சுருக்கிச் சொல்லும் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோடு தொடர்புடைய இந்த நிலைக்குப் பாண்டாஸ் என்று பெயர். ஸ்ட்ரெப் இல்லாமல் வேறு காரணத்தால் வருவதையும் சேர்த்துச் சொல்லும்போது பான்ஸ் என்பார்கள். கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் ஆள் மாறி, மூளையின் உட்பகுதியில் அசைவையும் பழக்கத்தையும் கட்டுப்படுத்தும் பேசல் கேங்க்லியாவைத் தாக்குகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். டாக்டர்களில் சிலர் இதை ஏற்பதில்லை. அதனால் ஒரு டாக்டர் பாண்டாஸ் என்பதும், அடுத்தவர் அப்படி ஒன்று கிடையாது என்பதும் நடக்கும். பெற்றோர் இதில் குழம்ப வேண்டாம். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது: தொண்டையில் ஸ்ட்ரெப் இருந்தால் சரியான மருந்தை, சரியான அளவில், குறித்த நாள் முழுவதும் கொடுத்து ஒழிக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடுகிற எதிர்ப்புப் புரதத்தை அது நேராக ஒன்றும் செய்யாது. ஆகவே மருந்தைத் தொண்டைக்காகத் தேர்ந்தெடுங்கள். மனதுக்குத் தேவையான சிகிச்சையை மனநல மருத்துவரிடமும் உளவியலாளரிடமும் அதே வாரத்தில் தொடங்குங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் மாதம் ஒரு ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்து, பிள்ளை வயிற்றுப்போக்கோடும் அதே பயத்தோடும் நிற்கிற நிலை வருகிறது. கீழே உள்ள அளவுகள் டாக்டர் எழுதிய சீட்டைப் புரிந்துகொள்ளவும் சரிபார்க்கவும் பயன்படும். சீட்டில்லாமல் மெடிக்கலில் போய் வாங்குவதற்கு இவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

நம் குமரி மாவட்டத்தில் பிள்ளையின் குணம் இப்படித் திடீரென்று மாறினால் முதலில் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோதான் கூட்டிப்போவார்கள். பிரார்த்தனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாள் கடத்தக் கூடாது. தொண்டைவலி தொடங்கிய 9 நாளுக்குள் மருந்தை ஆரம்பித்தால்தான் இதயத்தைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். போகிற வழியில் டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

மருந்து தொடங்கும் முன்: கொரியாவா என்று பாருங்கள்

பாண்டாஸுக்கு நெருங்கிய உறவுள்ள இன்னொரு நோய் இருக்கிறது. கைகால் தானாக ஆடும் அந்த நோயின் பெயர் சிடன்ஹாம் கொரியா. ருமாட்டிக் காய்ச்சலின் ஒரு வடிவம் அது. நம் நாட்டில் ருமாட்டிக் இதயநோய் இன்னும் ஒழியவில்லை. பாண்டாஸ் என்று நினைத்து 10 நாள் மருந்தோடு நிறுத்திய பிள்ளைக்கு உண்மையில் கொரியா இருந்தால், சில வருடம் கழித்து இதய வால்வு கெட்ட பிறகுதான் தெரியவரும். இந்த ஒரு வித்தியாசம் ஆன்டிபயாட்டிக் முடிவையே 10 நாளிலிருந்து பல வருடமாக மாற்றிவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை உண்டு. உங்கள் இரண்டு விரலைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரே சீராக இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கொரியா இருந்தால் பிடி நிலைக்காது; மாட்டில் பால் கறக்கிறது போல இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வரும். நாக்கை வெளியே நீட்டி அரை நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். நாக்கு பல்லி நாக்குப் போல உள்ளே ஓடிவிடும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்கச் சொன்னால், உள்ளங்கைகள் தானாக வெளிப்பக்கம் திரும்பும். நடக்கும்போது தடுமாற்றம், கையிலிருந்து டம்ளர் நழுவுவது, பேச்சுக் குழறுவது, தூங்கும்போது மட்டும் எல்லா ஆட்டமும் அடங்கிப்போவது ஆகியவையும் கொரியாவைக் காட்டும். கொரியா தொண்டைவலிக்குப் பின் பல வாரம், சில சமயம் 6 மாதம்கூடக் கழித்து வரும். அதற்குள் தொண்டைவலி வந்ததே மறந்துபோயிருக்கும். ரத்தப் பரிசோதனையும் சாதாரணமாகிவிட்டிருக்கும்.

பாண்டாஸில் இவ்வளவு பெரிய ஆட்டம் இருக்காது. கையை முன்னால் நீட்டச் சொன்னால் விரல்கள் ஹார்மோனியம் வாசிக்கிறது போல லேசாக அசையலாம். எழுத்தில் தெரியும். நோய் தொடங்குவதற்கு முன் எழுதிய தமிழ் நோட்டில் ஒரு பக்கத்தையும் நேற்று எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பு கோட்டின் மேல் உட்கார்ந்த எழுத்துகள் இப்போது மேலும் கீழும் ஏறி இறங்கும். ‘ழ’வின் கீழ்வளைவும் ‘ஞ’வின் சுழிவும் உடைந்து கோணலாகும். அடித்துத் திருத்தி அடித்துத் திருத்தி ஒரே சொல் நாலு தடவை வரும். இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கை பிடிக்கும் சோதனை, நாக்கு நீட்டுவது, நடப்பது ஆகியவற்றை ஒவ்வொன்றும் அரை நிமிட வீடியோவாக எடுங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை பல சமயம் அடங்கி உட்கார்ந்திருக்கும். அங்கே வீடியோதான் பேசும்.

கொரியா என்ற சந்தேகம் கொஞ்சமேனும் இருந்தால் இதயத்துக்கான ஸ்கேனான எக்கோ எடுத்தே ஆக வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காத வால்வுக் கசிவு எக்கோவில் தெரியும். ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கப் பயன்படும், 2015-ல் திருத்திய ஜோன்ஸ் விதிகளும் அதையே சொல்கின்றன. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த நோய்க்குப் பெரிய வசதி. நரம்பியல் மேல்கருத்து தேவைப்பட்டால் திருவனந்தபுரத்துக்கும் போகலாம். போகும்போது வீடியோவையும் பழைய சீட்டுகளையும் மறக்காதீர்கள்.

மூத்திர ஓட்டத்துக்கு ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர்த் தொற்றாக இருந்தால் மருந்தே வேறு. தைராய்டு, உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோய், மூளை அழற்சி ஆகியவற்றை டாக்டர் தேவைக்கேற்பத் தேடுவார்.

தொண்டை ஸ்வாப்பும் ஏஎஸ்ஓவும்

தொண்டையைப் பஞ்சால் தொட்டு மாதிரி எடுப்பதுதான் ஸ்வாப். அதை எடுக்கும் முன் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக்கூடப் போகக் கூடாது. ஒரு நாள் மருந்து போதும், அந்த மாதிரியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். பிறகு இருந்ததா இல்லையா என்று வாழ்நாள் முழுக்கச் சந்தேகம்தான். இரண்டு டான்சிலிலும் தொண்டையின் பின்சுவரிலும் பஞ்சை அழுத்தி உருட்ட வேண்டும். நாக்கையும் கன்னத்தையும் மட்டும் தொட்டுவிட்டு எடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். பிள்ளை ஓங்கரிக்கிற அளவுக்குப் போனால்தான் அது சரியான ஸ்வாப். முடிவு வர ஒன்று முதல் இரண்டு நாளாகும். பிள்ளை மோசமாக இல்லையென்றால் அந்த இரண்டு நாள் காத்திருப்பதில் எந்த இழப்பும் இல்லை. தொண்டைவலி தொடங்கி 9 நாள் ஆகாதவரை அந்தக் கணக்கும் கையில் இருக்கிறது.

தொண்டை மட்டும் போதாது. காலில் சிரங்கு, ஆசனவாயைச் சுற்றி எரிச்சலோடு கூடிய பளிச்சென்ற சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரெப் அங்கேயும் ஒளிந்திருக்கும். ‘புழுக்கடி’ என்று களிம்பு போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். அங்கிருந்தும் ஸ்வாப் எடுக்கலாம்.

இனி ஏஎஸ்ஓ, அதாவது ஸ்ட்ரெப்பை எதிர்க்க உடம்பு தயாரித்த புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை. நம் பக்கம் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் ரிப்போர்ட் இதுதான். லேப் சீட்டில் 200-க்கு மேல் தடித்த எழுத்தில் போட்டிருக்கும், வீடே கலங்கிப்போகும். ஏஎஸ்ஓ உயர்வு என்றால் எப்போதோ ஸ்ட்ரெப் வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகிற வயதில் எந்த நோயும் இல்லாத பிள்ளைகளுக்கும் 200-ஐத் தாண்டி இருப்பது சாதாரணம். ஒருமுறை ஏறினால் மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும். தொற்று வந்து முதல் வாரத்துக்குப் பின் ஏறத் தொடங்கி, 3 முதல் 6 வாரத்தில் உச்சத்துக்குப் போகும். அதனால் இன்று ஒன்று, 3 அல்லது 4 வாரம் கழித்து அதே லேபில் இன்னொன்று எடுத்து, ஏறுகிறதா என்று பார்த்தால்தான் அர்த்தம். சிரங்கு வழியாக வந்த தொற்றில் ஏஎஸ்ஓ ஏறாமலே இருக்கலாம். அங்கே ஆன்டி டிஎன்ஏஸ் பி பரிசோதனை உதவும். ஏஎஸ்ஓ எண்ணை மட்டும் பார்த்து மாதாமாதம் ஊசி போடத் தொடங்குவது தவறு. எண்ணை இறக்குவதற்காக மருந்து கொடுக்கவும் கூடாது. மருந்தால் எண் இறங்காது, காலத்தால்தான் இறங்கும்.

எந்த மருந்து

பெனிசிலின் குடும்பம்தான் முதல் தேர்வு. ஏ வகை ஸ்ட்ரெப் இத்தனை வருடத்துக்குப் பிறகும் பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது. பழைய மருந்து, விலை குறைந்த மருந்து என்பதால் பலவீனமான மருந்து என்று நினைக்காதீர்கள். இந்தக் கிருமியைப் பொறுத்தவரை அதைவிட உயர்ந்தது எதுவும் இல்லை. பெனிசிலின் வி மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. அமாக்சிசிலின் எங்கும் கிடைக்கும், சிரப்பாகவும் உண்டு, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கொடுக்கலாம், பிள்ளைகளும் துப்பாமல் குடிக்கும்.

அமாக்சிசிலின் அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 மி.கி.; அதிகபட்சம் 1000 மி.கி. இதை ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ கொடுக்கலாம். 10 நாள். பெனிசிலின் வி கிடைத்தால், 27 கிலோவுக்குக் கீழே 250 மி.கி., அதற்கு மேல் 500 மி.கி., நாளுக்கு 2 அல்லது 3 வேளை, 10 நாள்.

பெனிசிலின் கொடுத்து முன்பு லேசான தடிப்பு மட்டும் வந்திருந்தால் செபலெக்சின், வேளைக்குக் கிலோவுக்கு 20 மி.கி., நாளுக்கு 2 வேளை, 10 நாள். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம். மருந்து குடித்த ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்த பிள்ளைக்கு அமாக்சிசிலினும் கூடாது, செபலெக்சினும் செஃபாட்ராக்சிலும் கூடாது. இவற்றின் மூலக்கூறில் பக்கச்சங்கிலி என்னும் பகுதி ஒரே மாதிரி இருப்பதால் உடம்பு ஆள் அடையாளம் கண்டுகொள்ளும். அங்கே கிளிண்டாமைசின், வேளைக்குக் கிலோவுக்கு 7 மி.கி., நாளுக்கு 3 வேளை, 10 நாள். ஒரு வேளைக்கு 300 மி.கி. வரை. கசப்பு பயங்கரமாக இருக்கும். கேப்சூலைப் பிரித்துக் கொடுக்கலாமா என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொண்டு, மசித்த மட்டிப்பழத்தில் கலந்து ஊட்டுங்கள். ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

‘என் பிள்ளைக்குப் பெனிசிலின் அலர்ஜி’ என்று சொல்லும் வீடுகளில் என்ன நடந்தது என்று துருவிக் கேட்டால், பல சமயம் காய்ச்சலின்போது வந்த வைரஸ் தடிப்பாகவே இருக்கும். மருந்து குடித்த எத்தனையாவது மணி நேரத்தில், எந்த இடத்தில், எப்படி வந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தேவையில்லாத அலர்ஜி முத்திரை ஒரு பிள்ளையிடமிருந்து நல்ல மருந்தை ஆயுள் முழுக்கப் பறித்துவிடும்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் இவை தொண்டை ஸ்ட்ரெப்பை ஒழிக்காது. செஃபிக்சைம் வேலை செய்யும், ஆனால் தேவைக்கு மேல் பல வகைக் கிருமிகளைத் தாக்கும் மருந்து. அதை வேறு தொற்றுகளுக்கு விட்டுவைப்பது நல்லது. அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்தது முதல் சுற்றுக்குத் தேவையில்லை. முழுச் சுற்றும் முடிந்த பின்னும் கல்ச்சரில் ஸ்ட்ரெப் நின்றால்தான் அதற்கும் கிளிண்டாமைசினுக்கும் முறை வரும். கிளாவுலனேட் சேர்ந்தது வாங்கினால் லேபிளில் 228.5 என்றோ 457 என்றோ இருக்கும். இதில் அமாக்சிசிலின் 200, 400 மட்டும்தான், மீதி கிளாவுலனேட். கணக்குப் போடும்போது முழு எண்ணை எடுத்துவிட்டால் அளவு குறைந்துவிடும்.

அசித்ரோமைசினைப் பற்றித் தனியாக

நம் ஊரில் தொண்டைவலி என்றாலே ‘மூணு நாள் மாத்திரை’ என்று அசித்ரோமைசின் கைக்கு வந்துவிடும். ஸ்ட்ரெப்புக்கு இது முதல் தேர்வல்ல. இந்தக் கிருமியில் அசித்ரோமைசினுக்குக் கட்டுப்படாத வகைகள் பரவியிருக்கின்றன. கல்ச்சரில் எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்க்காமல் நம்ப முடியாது. இன்னொன்று அளவு. ஸ்ட்ரெப்புக்கு நாளுக்குக் கிலோவுக்கு 12 மி.கி., 5 நாள், அதாவது மொத்தம் கிலோவுக்கு 60 மி.கி. வேண்டும், ஒரு நாளில் 500 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. வழக்கமாக எழுதும் 10 மி.கி. வீதம் 3 நாள் என்பது இதில் பாதிதான்.

மூன்றாவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மிக முக்கியம். அசித்ரோமைசின் இதயத்தின் மின்துடிப்பை நீட்டும். ஈசிஜியில் க்யூடி இடைவெளி என்பது அதுதான். கண் சிமிட்டுவது, தோள் குலுக்குவது போன்ற டிக்குக்குக் கொடுக்கும் பைமோசைடு, கொரியாவுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், திரும்பத் திரும்பக் கழுவுவது, சரிபார்ப்பது போன்ற ஓசிடிக்குச் சிலருக்கு எழுதும் எஸ்சிட்டலோபிராம், வாந்திக்கு வீட்டிலேயே வைத்திருக்கும் ஆன்டான்செட்ரான், டாம்பெரிடோன் எல்லாமே அதே பக்கம் இழுப்பவை. பைமோசைடோடு அசித்ரோமைசின் சேரவே கூடாது. மனநல மருத்துவர் ஒரு சீட்டு, குழந்தை மருத்துவர் ஒரு சீட்டு, இரவில் வாந்திக்கு மெடிக்கலில் ஒரு மாத்திரை என்று மூன்றும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பிள்ளையின் வயிற்றுக்குள் போய்ச் சேர்வதுதான் ஆபத்து. எல்லாச் சீட்டையும் ஒரே ஃபைலில் போட்டு ஒவ்வொரு டாக்டரிடமும் முழு ஃபைலையும் நீட்டுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அசித்ரோமைசினுக்கு முன் ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் மயங்கி விழுந்து இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசினுக்கும் இதே எச்சரிக்கை. அது வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசபைனின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும்.

பாண்டாஸுக்கு அசித்ரோமைசின்தான் சிறப்பு மருந்து என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் உண்டு. 2017-ல் வந்த ஒரு ஆய்வில் 31 பிள்ளைகளுக்கு 4 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஓசிடி கடுமை ஓரளவு குறைந்தது, ஈசிஜி மாற்றமும் சிலருக்குத் தெரிந்தது. அவ்வளவு சிறிய ஆய்வை வைத்துப் பெனிசிலினை ஒதுக்கிவிடக் கூடாது என்பதே எங்கள் முடிவு.

அளவில் எங்கே தவறுகிறது

பிள்ளையை அன்றே எடை போடுங்கள். போன வருட எடையை நினைவிலிருந்து சொல்லாதீர்கள், வளர்கிற பிள்ளை. 16 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 800 மி.கி. அமாக்சிசிலின், அதாவது வேளைக்கு 400 மி.கி. வீதம் இரண்டு வேளை. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள டிரை சிரப்பில் இது வேளைக்கு 8 மி.லி. ஒரு நாளைக்கு 16, பத்து நாளைக்கு 160 மி.லி. கடையில் கிடைப்பது 60 மி.லி. பாட்டில் என்றால் 3 பாட்டில் வேண்டும். ஒரே பாட்டிலை வாங்கிக்கொண்டு போகிற வீடு நாலாம் நாளிலேயே மருந்தை நிறுத்திவிடும். அதற்குள் காய்ச்சலும் விட்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. கிருமி மட்டும் டான்சிலுக்குள் மிச்சமிருக்கும். மூன்று பாட்டிலையும் முதல் நாளே வாங்குங்கள், ஆனால் ஒன்று முடிந்த பிறகே அடுத்ததில் தண்ணீர் ஊற்றுங்கள். கலக்கிய சிரப்பை லேபிளில் போட்ட நாளுக்கு மேல் (பெரும்பாலும் 7 நாள்) வைக்கக் கூடாது. கிளாவுலனேட் சேர்ந்ததைக் கலக்கியபின் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் நீண்ட நேரம் போகிற ஊரானால் மாத்திரையாகக் கேட்டு வாங்குவது மேல்.

இன்னொரு வழக்கமான பிழை: டாக்டர் 250-ஐ நினைத்து 8 மி.லி. என்று எழுதியிருப்பார், கடையில் 125 உள்ள பாட்டில் கொடுப்பார்கள். அளவு சரிபாதியாகிவிடும். பாட்டிலை வாங்கியதும் ‘5 மி.லி.யில் எவ்வளவு’ என்ற வரியைச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பாட்டிலைத் தட்டி அடியில் ஒட்டிய தூளை உதிருங்கள். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றி நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே உள்ள தெளிவு முதல் நாளும், அடியில் உள்ள கட்டி கடைசி நாளும் பிள்ளைக்குப் போகும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உட்பக்கம் மெல்ல விடுங்கள். அடுக்களைக் கரண்டி வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு அளவு.

20 கிலோவைத் தாண்டிய பிள்ளைக்குக் கணக்கு எளிது: காலையும் இரவும் 500 மி.கி. விழுங்க முடிந்தால் கேப்சூல், இல்லையென்றால் தண்ணீரில் கரையும் 250 மி.கி. மாத்திரை இரண்டு. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிற அம்மாவும், வாரக்கணக்கில் கடலில் இருக்கும் அப்பாவும் உள்ள வீட்டில் இரண்டு வேளை என்பது தவறிப்போகும். அங்கே ஒரே வேளையாக 1000 மி.கி. இரவுச் சாப்பாட்டோடு கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காலண்டரில் 10 கட்டம் போட்டு வேளைக்கு வேளை அடித்துக்கொண்டே வாருங்கள்.

இந்த நோயில் மருந்தே சண்டையாகிவிடும். மருந்தில் விஷம் இருக்கிறது, கிருமி இருக்கிறது என்று பிள்ளை நம்பும். திட்டியும் அடித்தும் பயனில்லை. அந்தப் பயம்தான் நோய். சீல் உடைப்பதைப் பிள்ளையின் கண்முன்னாலேயே செய்யுங்கள், ஒரே வார்த்தையில் ஒரே தடவை விளக்குங்கள், திரும்பத் திரும்பச் சத்தியம் பண்ணாதீர்கள். கேட்கும்போதெல்லாம் ஆறுதல் சொன்னால் கேள்வி வளரும். இரண்டு நாள் தொடர்ந்து துப்பினால் ஊசிக்கு மாறுவது நல்லது.

பென்சாதின் ஊசி

ஒரே ஊசியில் 10 நாள் மருந்தும் முடிந்துவிடும்: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், 27 கிலோவும் அதற்கு மேலும் 12 லட்சம் யூனிட், தசையில். பெனிடூர் எல்ஏ 6, எல்ஏ 12 என்பவை இந்த அளவுகள்தான். இது கெட்டியான மருந்து. கலக்கிய உடனே ஏற்றாவிட்டால் ஊசிமுனை அடைத்துக்கொள்ளும். மெல்லிய ஊசியும் அடைக்கும், அதனால் 21 நம்பர் ஊசி. மருந்து அறை வெப்பத்துக்கு வந்தபின், இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றினால் வலி குறையும். வெறும் வயிற்றில் கூட்டிப்போகாதீர்கள். பயத்தில் மயங்கி விழுந்தால் அலர்ஜியோ என்று எல்லோரும் பதறுவார்கள். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அலர்ஜி வந்தால் கையாள அட்ரினலின் வைத்திருக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

பலன் எப்போது தெரியும்

காய்ச்சலும் தொண்டைவலியும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். மருந்து தொடங்கி ஒரு முழு நாள் கழிந்தால் பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்பாது. கை கழுவுதலும் பயமும் டிக்கும் அப்படி அடங்காது, வாரங்கள் ஆகும். மூன்றாம் நாள் குணம் மாறவில்லை என்று ஆன்டிபயாட்டிக்கை மாற்றுவது வீண். தினமும் இரவில் நோட்டில் நாலு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கியது, மூத்திரம் எத்தனை முறை, சாப்பாடு எவ்வளவு, பயத்துக்கு 10-க்கு எத்தனை. அதற்குக் கீழே பிள்ளையை ஒரே வரியை எழுதவையுங்கள். மூன்று வாரம் கழித்துப் புரட்டினால் போக்கு தெரியும். மருந்து தொடங்கியபின் புதிதாகத் தூக்கம் கெட்டு வெறி பிடித்தது போல் ஆனால், அது மருந்தின் வேலையாகவும் இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

சில மையங்கள் முதல் சுற்றை 3, 4 வாரம் வரை நீட்டுகின்றன. ஸ்வாப்பில் ஒன்றும் வராத பிள்ளைக்கும் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கலாம் என்று 2017-ல் வெளியான பான்ஸ் வழிகாட்டுதல் சொல்கிறது, மற்றவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. டாக்டர் நீட்டினால், எந்தத் தேதியில் நிறுத்துவோம், என்ன மாறினால் பலன் என்று எடுத்துக்கொள்வோம் என்ற இரண்டையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

மாதக்கணக்கில் தடுப்புக்கு என்று கொடுப்பது வேறு கேள்வி. கொரியா உறுதியானால் தயக்கமே கூடாது: 21 நாளுக்கு ஒரு முறை பென்சாதின் ஊசி, இதயத்தில் பாதிப்பு இல்லாவிட்டாலும் குறைந்தது 5 வருடம் அல்லது 18 முதல் 21 வயது வரை, எது அதிகமோ அதுவரை. இதயம் பாதித்திருந்தால் இன்னும் நீளும். பாண்டாஸுக்கு அப்படிச் சொல்ல ஆதாரம் போதவில்லை. 1999-ல் வந்த ஆய்வில் பெனிசிலினும், மருந்தே இல்லாத வெற்று மருந்தும் மாறி மாறிக் கொடுத்தபோது ஸ்ட்ரெப் வருவதில் தெளிவான வித்தியாசம் இல்லை. 2005-ல் 23 பிள்ளைகளில் பெனிசிலினும் அசித்ரோமைசினும் ஒரு வருடம் கொடுத்தபோது தாக்குதல்கள் குறைந்தன, ஆனால் ஒப்பிட வெற்று மருந்துக் குழு இல்லை. ஸ்ட்ரெப் வரும்போதெல்லாம் கல்ச்சரில் உறுதியாகி, ஒவ்வொரு தடவையும் பிள்ளை கடுமையாக விழுந்தால் மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குத் தடுப்பு மருந்தைப் பற்றி டாக்டரோடு பேசலாம். பாண்டாஸுக்காக மட்டும் டான்சிலை எடுப்பதும் தேவையில்லை.

அடுத்த தடவை பயம் திரும்பினால் மீதி மருந்தைத் தேடாமல் மறுபடி ஸ்வாப் எடுங்கள். ஜலதோஷத்தின்போதும் குணம் கொஞ்சம் கலங்கும். பத்துப் பிள்ளைகளில் ஒன்றிரண்டுக்கு நோயே இல்லாமல் தொண்டையில் ஸ்ட்ரெப் குடியிருக்கும். அதை ஒவ்வொரு தடவையும் துரத்தக் கூடாது. வீட்டில் வேறு யாருக்காவது தொண்டைவலி இருந்தால் அவர்களுக்கும் அதே நாளில் ஸ்வாப் எடுத்து, ஸ்ட்ரெப் இருந்தால் மருந்து கொடுங்கள். இல்லாவிட்டால் கிருமி பிள்ளைக்கே திரும்பி வரும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

தண்ணீரும் இறங்காமல் ஒரு பகல் முழுக்க மூத்திரம் போகாதது, வலிப்பு, கழுத்து விறைப்போடு காய்ச்சல், எழுப்பினாலும் எழாத மயக்கம், வார்த்தை நின்றுபோவது, இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதும், மூச்சிரைப்பு, சாக வேண்டும் என்று சொல்வது. இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளை அழற்சியும் இதே முகத்தோடு வரும். அதற்கு ஆன்டிபயாட்டிக் சிரப் மருந்தல்ல. பிள்ளையின் மனநிலை பற்றி நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416. இலவசம், தமிழில் பேசுவார்கள்.

ஃபைலின் முதல் பக்கத்தில் இவை இருக்கட்டும்: பிள்ளையின் எடையும் எடை போட்ட தேதியும், குணம் மாறிய நாள், ஸ்வாப் எடுத்த நாளும் முடிவும், இரண்டு ஏஎஸ்ஓ எண்கள், எக்கோ முடிவு, கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் பெயரும் அளவும் தொடங்கிய, முடித்த தேதிகளும், இப்போது ஓடும் மற்ற மருந்துகள், அலர்ஜி இருந்தால் அதன் விவரம். அடுத்து ஊசி போட வேண்டிய பிள்ளையானால் அந்தத் தேதியைப் பென்சிலில் எழுதாமல் பேனாவில் எழுதுங்கள்.